ஒரே ஆள் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? வலிமையான தலைவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் டீக்கடையானாலும் சரி, ஓ.எம்.ஆர். அலுவலக கேன்டீனானாலும் சரி, நாட்டு நடப்பைப் பற்றிய பேச்சு கடைசியில் ஒரு வரியில் வந்து முட்டிக்கொள்ளும்: "இதுக்கெல்லாம் ஸ்ட்ராங்கான ஒரு ஆள் வரணும் சார்." அந்த வரியை ஒட்டி நண்பர்களும் கூட வேலை பார்த்தவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் ஏதாவது ஒரு பதிலில் கோபம் வரும். அதற்கு நான் பொறுப்பு.

வலிமையான தலைவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? கண்டிப்பான ஆட்கள் எல்லோரையுமா?

இல்லை. ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் நூறு வருடங்களுக்கு முன்பே அதிகாரத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார். பரம்பரை வழக்கத்தால் வருவது ஒன்று, சட்டத்தாலும் பதவியாலும் வருவது இன்னொன்று, ஒரு மனிதரிடம் ஏதோ அபூர்வமான சக்தி இருக்கிறது என்று மற்றவர்கள் நம்புவதால் வருவது மூன்றாவது. கலெக்டர் சொன்னால் கேட்கிறோம். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவர் சொல்வதைக் கேட்போம். மூன்றாவது வகையில் நாற்காலிக்கு மதிப்பில்லை, உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத்தான்.

அந்த வசீகரமும், 'என்னை யாரும் தடுக்கக் கூடாது' என்கிற பிடிவாதமும் ஒரே ஆளிடம் சேரும்போது நடப்பதைத்தான் இங்கே பேசுகிறேன். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்று கட்டாயமில்லை. காமராஜருக்கு மக்கள் செல்வாக்கு இருந்தது. கட்சி வேலைக்காக 1963-ல் முதல்வர் பதவியை விட்டு அவரே இறங்கினார். 1967-ல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார், ஏற்றுக்கொண்டார். அவரை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்படிப்பட்டவர்கள் மேல் மக்களுக்கு ஏன் இவ்வளவு ஈர்ப்பு? படிப்பறிவு குறைவு என்பதாலா?

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பொறியியல் முடித்து டைடல் பார்க்கில் வேலை செய்யும் பிள்ளைகள் தங்கள் ஃபவுண்டரைப் பற்றிப் பேசும்போது முகத்தில் வரும் பரவசத்தைப் பார்த்திருக்கிறேன். வட்டச் செயலாளர் தோற்றுப்போவார்.

முதல் காரணம், என்னைக் கேட்டால், தாலுகா ஆபீஸ். பட்டா மாற்ற மனு கொடுத்தவரிடம் "சர்வேயர் லீவு", "ஃபைல் மேலே போயிருக்கு", "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். எங்கே தேங்கி நிற்கிறது, யாரைக் கேட்பது, ஒன்றும் புரியாது. முகமே இல்லாத ஒரு அமைப்போடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவரிடம் ஒரு முகம் வந்து "நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் அது பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

அப்புறம், சில சமயம் அந்த முகம் சொன்னதைச் செய்தும் காட்டிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு என்பது எம்.ஜி.ஆர். தொடங்கியதில்லை. நீதிக்கட்சிக் காலத்தில், 1920-லேயே, சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கிவிட்டது. 1950-களில் காமராஜர் மாநிலம் முழுக்க விரித்தார். ஆனால் 1982-ல், இவ்வளவு செலவை அரசு தாங்குமா என்ற கேள்விகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, சத்துணவை அந்தப் பிரமாண்ட அளவுக்குக் கொண்டுபோனவர் எம்.ஜி.ஆர்.தான். தன் பிள்ளைக்குச் சோறு போட்டவரை ஒரு தாய் எத்தனை தேர்தலுக்கு மறப்பாள்?

இன்னொன்று, இந்த உறவு சொந்தக்காரர் உறவு போல ஆகிவிடுகிறது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்டதில் காயம்பட்டு, கழுத்தில் கட்டோடு படுத்திருந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாக ஊரெல்லாம் போனது. அவர் பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார். 1984-ல் நியூயார்க் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அவர் அங்கே உட்கார்ந்து சாப்பிடும் வீடியோவை இங்கே ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். தேர்தல் அறிக்கையைத் தேடிப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? "நம்ம வீட்டு ஆளுக்கு உடம்பு சரியில்லை" என்பதே போதுமாக இருந்தது.

பயத்தையும் மறந்துவிடக் கூடாது. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் குண்டுகள் வெடித்தன. அதே வருடம் நவம்பரில், "பாதுகாப்பு என் பொறுப்பு" என்று நின்ற கோத்தபய ராஜபக்சவுக்கு 52 சதவீதத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. வடக்கு, கிழக்குத் தமிழர்கள் பெருவாரியாக எதிர்த்துப் போட்டார்கள். அந்த இரும்புக்கரம் எப்படியிருக்கும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் சினிமாதானே காரணம்?

சினிமா முகத்தைக் கொடுக்கும், ஓட்டைக் கொடுக்காது. எம்.ஜி.ஆருக்குச் சமமான நடிகர் என்று நாடே சொன்ன சிவாஜி கணேசன் 1988-ல் தனிக்கட்சி தொடங்கி, 1989-ல் திருவையாறில் தோற்றார். எம்.ஜி.ஆருக்கு தி.மு.க.வில் பல வருட அனுபவம் இருந்தது. 1972-ல் அவர் வெளியே வந்தபோது ரசிகர் மன்றங்கள் அப்படியே கட்சிக் கிளைகளாக மாறின. வசீகரத்துக்குக் கீழே கொடி கட்ட, பூத்தில் உட்கார, வாக்காளரை வண்டி வைத்து அழைத்துவர ஒரு படை வேண்டும்.

எது எப்படியோ, இப்படிப்பட்டவர்கள் இருந்தால் வேலை மளமளவென்று நடக்கும் இல்லையா?

நடக்கும். ஆனால் நல்ல வேலையும் மளமளவென்று நடக்கும், கெட்ட வேலையும் மளமளவென்று நடக்கும். இதற்கு 2003-ஐ மிஞ்சிய உதாரணம் இல்லை.

அந்த வருடம் சென்னை தண்ணீர் லாரியை நம்பி வாழ்ந்துகொண்டிருந்தது. எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று ஜெயலலிதா அவசரச் சட்டம் போட்டார். கெடு குறுகியது. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பே போய்விடும் என்ற பயத்தில் தெருவுக்குத் தெரு குழாய் போட்டார்கள், குழி தோண்டினார்கள். பிறகு நல்ல மழை பெய்த வருடங்களில் கிணற்றில் தண்ணீர் மேலே வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நிறையப் பேர். கமிட்டி போட்டுப் பேசியிருந்தால் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதே 2003-ல், அதே முதல்வர், வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார். உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். டீக்கடையில் அப்போது அதற்கும் கைதட்டல் இருந்தது. அடுத்த வருடம் நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பல கெடுபிடிகள் தளர்த்தப்பட்டன. ஊழியர்களும் மக்களும் என்ன நினைக்கிறார்கள் என்பது மேலே போய்ச் சேர ஒரு தேர்தலே தேவைப்பட்டது.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? அதிகாரம் கெடுத்துவிடும் என்பதுதானே?

தலைவர் கெட்டுப்போவது இரண்டாவது கவலை. சுற்றியிருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வது முதல் கவலை. கெட்ட செய்தி மேலே போவது நின்றுவிடும். நல்ல எண்ணம் கொண்ட தலைவரும் அதற்குப் பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டுதான் முடிவெடுப்பார்.

கோத்தபய கதைக்கே வருகிறேன். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார். நாடு முழுக்க ஒரேயடியாக இயற்கை விவசாயம். இப்படிச் செய்தால் விளைச்சல் விழும் என்று விவசாய அறிஞர்கள் சொன்னார்கள். விடாமல் எதிர்த்துப் பேசிய பேராசிரியர் ஒருவரை அரசுக் குழுக்களிலிருந்து நீக்கினார்கள். நவம்பரில் தடையை விலக்கியபோது காலம் கடந்திருந்தது. நெல்லும் தேயிலையும் சரிந்தன. ஏற்கனவே அந்நியச் செலாவணி ஆடிக்கொண்டிருந்த நாடு, அடுத்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. 2022 மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்து ஏற்றிய கப்பலைத் தமிழ்நாடு அரசு அனுப்பிவைத்தது. ஜூலையில் அவர் நாட்டைவிட்டே ஓடினார். இயற்கை விவசாயம் கெட்ட யோசனை கிடையாது. "ஐயா, ஒரு மாவட்டத்தில் செய்து பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் பதவியில் நீடிக்க முடியாத நிலைதான் கெட்டது.

நம்மூரில் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் பேசாமல் இருக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டு, அடையாற்றுக் கரையில் வீடுகள் மூழ்கின. மேலிடத்து உத்தரவுக்காக அதிகாரிகள் காத்திருந்ததால்தான் முன்கூட்டியே திறக்கவில்லை என்று அப்போது குற்றச்சாட்டு எழுந்தது. அரசு அதைத் திட்டவட்டமாக மறுத்தது. பின்னால் வந்த தணிக்கைத் துறை அறிக்கை அதை மனிதத் தவறால் வந்த பேரிடர் என்று சொன்னது. உள்ளே என்ன நடந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் குற்றச்சாட்டை ஊரே உடனே நம்பியது ஏன்? ஒரு கையெழுத்து இல்லாமல் எதுவும் அசையாது என்பது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. சில நாள் கழித்து நிவாரணப் பொட்டலங்களில் முதல்வர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்களே, அதை ஒட்டச் சொல்லி யாரும் உத்தரவு போட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. கீழே இருப்பவர்கள் தாங்களாகவே ஊகித்துச் செய்துவிடுவார்கள்.

நல்ல நோக்கத்தோடு அதிரடியாக ஒரு முடிவு எடுத்தால்? பணமதிப்பிழப்பு மாதிரி?

2016 நவம்பர் 8 இரவு 8 மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவிலிருந்து 500, 1000 ரூபாய்த் தாள் செல்லாது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அது. சென்னையில் ஏ.டி.எம். வரிசையில் நின்ற பலரும் முதல் சில நாள் பொறுமையாகத்தான் நின்றார்கள். "கஷ்டம்தான், ஆனா பெரிய ஆளுங்க மாட்டுவாங்க" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பொறுமைதான் வசீகரத்தின் பலம். சாதாரண நிதியமைச்சர் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் மறுநாளே மறியல் நடந்திருக்கும். டிசம்பர் 5-ல் ஜெயலலிதா இறந்தார். 12-ம் தேதி வர்தா புயல் வந்து மரத்தையும் கம்பத்தையும் சாய்த்தது. மின்சாரமும் சிக்னலும் போனதில் கார்டு மெஷினும் வேலை செய்யவில்லை, கையில் சில்லறையும் இல்லை. கடைசியில் செல்லாத தாள்களில் 99.3 சதவீதம் வங்கிக்கே திரும்பிவிட்டது என்று ரிசர்வ் வங்கி 2018-ல் கணக்குக் கொடுத்தது.

ரகசியமாகச் செய்ய வேண்டிய வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுத் தாள் பழைய ஏ.டி.எம். தட்டில் உட்காராது என்பதைச் சொல்ல ஒரு மெக்கானிக் போதும்.

சிங்கப்பூர்? லீ குவான் யூ போல ஒருவர் நமக்குக் கிடைத்தால்?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. தமிழர்களுக்கு அவர் மேல் தனிப் பாசம் உண்டு. தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் நாடு அது. 2015-ல் அவர் இறந்தபோது மன்னார்குடிப் பக்கம் அஞ்சலி பேனர்கள் வைத்தார்கள். அந்த வட்டாரத்திலிருந்து அங்கே போய்ப் பிழைத்தவர்கள் அவ்வளவு பேர்.

அவர் சாதித்தார். அதே சமயம், 1966-ல் கைதான எதிர்க்கட்சிக்காரர் சியா தை போ விசாரணையே இல்லாமல் 23 வருடம் உள்ளே இருந்தார், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லீயின் ரசிகர்கள் கவனிக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது. அங்கே ஊழல் தடுப்புப் பிரிவு அவர் பதவிக்கு வருவதற்கு முன்பே, 1952-ல் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது. அதை அவர் பலப்படுத்தினார், தன் அமைச்சர்கள் மேலேயே பாயவிட்டார். 1986-ல் அவருடைய அமைச்சர் தே சியாங் வான் விசாரணைக்கு ஆளானார்; அதன் நடுவிலேயே தற்கொலை செய்துகொண்டார். நம்மில் லீயைக் கேட்பவர்கள் இந்தப் பகுதியைக் கேட்பதில்லை.

கணக்கையும் பாருங்கள். பெஞ்சமின் ஜோன்ஸ், பெஞ்சமின் ஓல்கன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், பதவியில் இருக்கும்போதே இயற்கையாகவோ விபத்திலோ இறந்த தலைவர்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள், 2005-ல் வெளியிட்டார்கள். கேட்பாரற்ற ஆட்சிகளில்தான் தலைவர் மாறினால் பொருளாதார வளர்ச்சி பெரிதாக மாறுகிறது, மேலேயும் சரி கீழேயும் சரி. அதாவது ஒரு லீ வரலாம், மொபுட்டு, மார்கோஸ், இடி அமீன் போல ஒரு சர்வாதிகாரியும் வரலாம். வந்தபின் திருப்பி அனுப்பும் வழி இருக்காது.

கம்பெனியில் இதெல்லாம் தப்பா? முதலாளி என்றால் அவர்தானே முடிவெடுக்க வேண்டும்?

முடிவெடுக்கட்டும். எதை வைத்து எடுக்கிறார் என்பதுதான் கேள்வி.

நான் ஒரு காலத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். திங்கட்கிழமை காலை ரிவ்யூ மீட்டிங். எம்.டி.யின் கார் கேட்டுக்குள் நுழைந்ததும் செக்யூரிட்டி இன்டர்காமில் ஒரே ஒரு ரிங் கொடுத்து வைத்துவிடுவார். அவ்வளவுதான், சிரிப்பு நின்றுவிடும். ரிஜெக்‌ஷன் எண்ணிக்கை இருக்கும் பக்கம் கட்டின் அடியில் போய்விடும். சேல்ஸ் மேனேஜர் 90 நாளைத் தாண்டிய பாக்கிப் பட்டியலை ஃபைலுக்குள் வைத்திருப்பார், எம்.டி. நல்ல மூடில் இருந்தால் வெளியே எடுப்பார், இல்லையென்றால் அடுத்த திங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த எம்.டி. கெட்ட மனிதர் கிடையாது. தொழிலாளி ஒருவரின் மகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்டியவர். மேடையேறிப் பேசினால் ஷாப் ஃப்ளோரே நிமிர்ந்து உட்காரும். ஆனால் ஒரு தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் எல்லோர் முன்னாலும் "இந்த டெலிவரி தேதி நடக்காது சார்" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அவருடைய மேசை ஸ்டோர்ஸ் பக்கம் போனது. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதுவும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. வசூலாகாத பாக்கி எவ்வளவு என்பது, பேங்க் மேனேஜர் போன் பண்ணிக் கேட்டபோதுதான் எம்.டி.க்கே முழுசாகத் தெரிந்தது.

பெரிய கம்பெனிகளில் டைரக்டர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். ஹைதராபாத் சாஃப்ட்வேர் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸ் போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், ஐ.எஸ்.பி. என்ற மேலாண்மைக் கல்லூரியின் டீன் இருந்தார். 2008 டிசம்பரில், அதன் நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்து 'மேடாஸ்' நிறுவனங்களை வாங்கும் திட்டத்துக்கு அந்த போர்டு ஒப்புதல் கொடுத்தது. மேடாஸ் என்பது சத்யத்தையே பின்னாலிருந்து படித்த பெயர். முதலீட்டாளர்கள் கொதித்ததில் சில மணி நேரத்தில் திட்டம் வாபஸ் ஆனது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் சுமார் 7,000 கோடி ரூபாய் பொய் என்று ராஜுவே கடிதம் எழுதினார். அதற்குச் சில மாதம் முன்புதான் அந்த நிறுவனம் நல்ல நிர்வாகத்துக்கு விருது வாங்கியிருந்தது.

சென்னைக்காரர்களுக்கு சுபிக்‌ஷா நினைவிருக்கும். 1997-ல் திருவான்மியூரில் ஒரு மளிகைக் கடை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நாடு முழுக்க 1,600 கடைகள். 2009-ல் ஷட்டர் இறங்கியது. அந்த வேகத்தைப் பார்த்து வியந்து பேசிய நாங்கள் யாரும், கடன் எங்கிருந்து வருகிறது என்று அப்போது பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

வெளிநாட்டில் தெரானோஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனம். ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாச் சோதனையும் என்றார் அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ். போர்டில் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலர்கள் இரண்டு பேர். அதில் ஒருவரான ஜார்ஜ் ஷுல்ட்ஸின் சொந்தப் பேரன் அங்கே வேலை பார்த்துவிட்டு, "தாத்தா, இது வேலை செய்யவில்லை" என்று சொல்லியும் தாத்தா நம்பவில்லை. 2022-ல் ஹோம்ஸ் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

விருது வாங்கிய, பத்திரிகை அட்டையில் வந்த சி.இ.ஓ. என்றால் பங்கு வாங்கலாமா?

உல்ரிக் மால்மென்டியர், ஜெஃப்ரி டேட் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். விருது வாங்கிய சி.இ.ஓ.க்களின் நிறுவனங்கள் அதற்குப் பிறகு பின்தங்குகின்றன. அவர்களுடைய சம்பளம் மட்டும் ஏறுகிறது. புத்தகம் எழுதுவதும் வேறு கம்பெனி போர்டுகளில் உட்காருவதும் கூடுகிறது. கேள்வி கேட்க ஆளில்லாத நிறுவனங்களில் இது இன்னும் மோசம்.

ஸ்டீவ் ஜாப்ஸ் அப்படித்தானே இருந்தார்?

இருந்தார். 1985-ல் அவரை வெளியே தள்ள ஆப்பிள் போர்டால் முடிந்தது, 1997-ல் திரும்பச் சேர்க்கவும் முடிந்தது. 2011-ல் சாவதற்கு முன் நாற்காலியை டிம் குக்கிடம் கொடுத்தார். கடையை அமைதியாக நடத்தத் தெரிந்தவரிடம்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார். என்ன செய்வது?

புரட்சியெல்லாம் வேண்டாம், ஈ.எம்.ஐ. இருக்கிறது. முதலில் உங்கள் பணத்தைப் பாருங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறுகிறதா? அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. சம்பளத்தில் பிடித்த வரி வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் பெயரில் தெரிகிறதா? மேடைப் பேச்சு எவ்வளவு உயரமாக இருந்தாலும், கையில் காசு வற்றும்போது பல கம்பெனிகள் முதலில் கை வைப்பது இந்த இரண்டில்தான். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால், ஆடிட்டர் நடுவில் ராஜினாமா செய்தாரா, புரொமோட்டர் தன் பங்கை அடமானம் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டையும் சந்தையின் இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும்.

அடுத்தது, மறுப்பைத் தனியாகச் சொல்லுங்கள், எழுத்திலும் வையுங்கள். கூட்டத்தில் சொன்னால் அவருக்கு அது மானப் பிரச்சினை. "சார், நீங்க சொன்ன தேதிக்கு முடிக்க இந்த மூணு விஷயம் வேணும்" என்று ஒரு மெயில் போதும். அப்படி மறுத்துச் சொன்ன யாராவது கடந்த இரண்டு வருடத்தில் பதவி உயர்வு வாங்கியிருக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் பெயரும் நினைவுக்கு வராவிட்டால் ரெஸ்யூமேயைத் தூசி தட்டுங்கள்.

தலைவர் போனபின் என்ன ஆகும்?

பெரும்பாலும் அடிதடி. 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்தார். ராஜாஜி ஹாலில் உடல் இருக்கும்போதே யார் வாரிசு என்ற சண்டை தொடங்கிவிட்டது. 1988 ஜனவரி 28-ல் ஜானகி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் சட்டமன்றத்துக்குள் போலீஸ் நுழையும் அளவுக்குக் கலவரம். இரண்டு நாளில் ஆட்சி கலைந்தது. இரட்டை இலை முடங்கி, ஒரு அணி சேவலிலும் இன்னொரு அணி இரட்டைப் புறாவிலும் நின்று, 1989-ல் தி.மு.க. ஜெயித்தது.

29 வருடம் கழித்து ஏறக்குறைய அதே கதை. 2016-ல் 75 நாள் அப்போலோ வாசலில் நின்ற ஊருக்கு அறிக்கைகள் மட்டுமே கிடைத்தன. அப்புறம் மெரினாவில் பன்னீர்செல்வத்தின் தியானம், கூவத்தூர் விடுதி, மறுபடி இலை முடக்கம். இரண்டு தடவையும் வாரிசு யார் என்று தலைவர் வாய்திறந்து சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே இரண்டாவது அதிகார மையம் உருவாகிவிடும் என்பது இந்த வகைத் தலைவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தி.மு.க.வில் 2018-ல் அப்படி நடக்கவில்லை. மகன் பல வருடம் முன்பே தயாராக இருந்தார். வெபர் இதையும் சொல்லியிருக்கிறார்: வசீகரத்தை நிலைப்படுத்தும் வழிகளில் ஒன்று, அது ரத்தத்தில் வருகிறது என்று நம்ப வைப்பது. சண்டை தவிர்ந்தது உண்மை. மற்றவர்கள் அந்த நாற்காலிக்குக் கனவு காண முடியாமல் போனதும் உண்மை.

ஐந்து வருடத்துக்கு ஒரு தேர்தல் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?

தேர்தல் வரை போய்ச் சேர வேண்டுமே. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை வந்தபோது அதைக் கொண்டுவந்தவர் முறையாக ஜெயித்த பிரதமர். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, சென்னை மத்திய சிறையில் அடிவாங்கிய தி.மு.க.வின் சிட்டிபாபு பின்னர் இறந்துபோனார். இதில் நாம் சொல்லிக்கொள்ள விரும்பாத ஒன்று: 1977-ல் வடக்கே வாக்காளர்கள் இந்திராவின் காங்கிரஸைத் துடைத்தெறிந்தபோது, தமிழ்நாடு காங்கிரஸ் இருந்த கூட்டணிக்குப் பெரும்பான்மை இடங்களைக் கொடுத்தது.

சின்ன அளவிலும் நடக்கும். 1987-ல் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டலடித்த ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைத் தமிழ்நாடு சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. ஊரே எதிர்த்தபின் சில நாளில் வெளியே விட்டார்கள்.

இதை எல்லாம் எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர், மதத்தில் பக்தி ஆன்மாவுக்கு விடுதலை தரலாம், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது நேரு 1937-ல் செய்தது. 'சாணக்யா' என்ற புனைபெயரில் ஒரு கல்கத்தா இதழில் தன்னைப் பற்றியே கட்டுரை எழுதினார்: இந்த ஜவாஹர்லால் நாளைக்குச் சர்வாதிகாரி ஆகக்கூடியவர், கவனமாக இருங்கள் என்று. தன்னைப் பற்றி இப்படி எழுதும் தலைவர் இன்று எந்தக் கட்சியிலும் எந்த ஸ்டார்ட்-அப்பிலும் என் கண்ணில் படவில்லை.

ஒரு தலைவருக்கு ரசிகனாக, தொண்டனாக இருப்பது தப்பா?

தப்பில்லை. உயிர் போகும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். 2019 செப்டம்பரில் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில் அனுமதியில்லாமல் வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் லாரியில் அடிபட்டு இறந்தார். 2025 செப்டம்பரில் கரூரில் ஒரு பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள்.

தலைவரே இல்லாமல் எதுவும் நடக்குமா?

2017 ஜனவரியில் நடந்தது. பெரிய தலைவர் ஒருவர் போய் ஆறேழு வாரம்கூட ஆகவில்லை; ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களுக்குத் தலைவர் யாரும் கிடையாது. கட்சிக்காரர்களை மேடையேற விடவில்லை. குப்பையை அவர்களே பொறுக்கினார்கள், போக்குவரத்தை அவர்களே பார்த்தார்கள். சட்டமும் வந்தது. ஆனால் கடைசி நாளில், அரசோடு பேசி "சரி, கலையலாம்" என்று முடிவு சொல்ல ஆளில்லை. தடியடி நடந்தது, நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. தலைமை தேவைதான். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தில் பத்து வருடமாக ஒரே செயலாளர். நல்லவர்தான், ஆனால் யார் பேச்சையும் கேட்பதில்லை. மாற்றலாமா?

சிரித்துவிட்டேன், ஆனால் நியாயமான கேள்வி. சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால் செயற்குழுவின் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். மறுபடி தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு இரண்டும் கட்டாயம். முதலில் கணக்கைக் கேளுங்கள், ஆளை அப்புறம் பேசலாம். பொதுக்குழுவில் "அடுத்த செயலாளர் யார்?" என்று கேட்டால் எல்லோரும் போனைப் பார்ப்பார்கள் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள். சம்ப் மோட்டார் ராத்திரி 2 மணிக்கு நின்றால் இறங்கி வருபவர் அவர் ஒருவர்தான் என்றால் அவரையே வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் மட்டும் பொருளாளரின் இரண்டாவது கையெழுத்தைக் கட்டாயமாக்குங்கள். லிஃப்ட் பராமரிப்பு மாதிரி பெரிய செலவுக்கு மூன்று கொட்டேஷன் வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள்.